பையைக் காட்டு! இல்லாவிட்டால் 100 பவுன் கட்டு!

நாயோடு உலாவப் போகிறவர் கையில் என்ன இருக்கும்?

சங்கிலி இருக்கும். சிலர் கையில் ஒரு தடியும் இருக்கும்.

இங்கிலாந்தில் இவை மட்டும் போதாது. அங்கே பல ஊர்களில் நாய்க்காரரின் சட்டைப் பையில் இன்னொன்றும் இருந்தாகவேண்டும். அது ஒரு சிறு பிளாஸ்டிக் பை. நாய் அசுத்தம் செய்தால் அதை அள்ளிப்போட அந்தப் பை.

பை இல்லாவிட்டால்? அபராதம்!

நாய் அசுத்தம் செய்யாவிட்டாலும் அபராதம்தான். பை கையில் இல்லை என்பதே அங்கே குற்றம்.

இது நல்ல சட்டமா, பொல்லாத சட்டமா? சட்டம் நல்லதாக இருந்து, அபராதம் மட்டும் அநியாயமாக இருந்தால், சாதாரண மனிதர் என்ன செய்ய முடியும்?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

பூங்காவில் நடந்தது

2019-ம் ஆண்டு, ஜூன் மாதம், ஒரு காலை நேரம். இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். ஊருக்கு நடுவே பசும்புல் விரித்த பூங்கா.

எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாள் நாயோடு வருகிறாள். கணவன் இல்லை. பிள்ளைகள் தூரத்து ஊர்களில் இருக்கிறார்கள். வீட்டில் துணை அந்த நாய் ஒன்றுதான்.

அம்மாள் கட்டுப்பாடு உள்ளவள். சட்டைப் பையில் இரண்டு பைகள் வைத்திருக்கிறாள். நாய் புல் ஓரத்தில் அசுத்தம் செய்கிறது. அம்மாள் குனிந்து அதைப் பையில் அள்ளுகிறாள். முடிச்சுப் போடுகிறாள். தொட்டியில் போடுகிறாள்.

சற்று தூரம் போனதும் ஒரு வாலிபன் எதிரே வருகிறான். அவனுடைய நாயும் அசுத்தம் செய்துவிட்டது. அவனிடம் பை இல்லை. திருதிருவென்று விழிக்கிறான்.

“இந்தா தம்பி, என்னிடம் ஒன்று இருக்கிறது” என்று அம்மாள் இரண்டாவது பையை அவனிடம் கொடுத்துவிடுகிறாள்.

வாசலில் நகரசபைச் சிப்பந்தி நிற்கிறார். சட்டையில் ஒரு சிறு காமிரா.

“அம்மணி, பையைக் காட்டுங்கள்!”

அம்மாள் நடந்ததைச் சொல்கிறாள். சிப்பந்தி தலையை ஆட்டுகிறார். “இப்போது உங்களிடம் பை இருக்கிறதா, இல்லையா?”

“இல்லை.”

சீட்டு எழுதியாகிவிட்டது. அபராதம் 100 பவுன்!

நம் பணத்தில் அது அப்போது 9 ஆயிரம் ரூபாய்க்கு அருகில் இருந்தது. அந்த ஆண்டில் அங்கே அடிப்படை முதியோர் பென்ஷன் வாரத்துக்கு 129 பவுன் 20 பென்ஸ். அதாவது, ஒரு வாரச் சாப்பாட்டுப் பணத்தில் பெரும் பகுதி ஒரு பிளாஸ்டிக் பைக்காகப் போய்விடுகிறது.

அடுத்தவருக்கு உதவி செய்தவள் குற்றவாளி! உதவி பெற்றவன் நிரபராதி!

இந்த அம்மாள் கற்பனைதான். ஆனால் சட்டம் கற்பனை அல்ல.

சட்டம் எப்படி வந்தது?

நாய்க்காரரிடம் பணம் வாங்குவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். 1796-ம் ஆண்டிலேயே அங்கே நாய் வரி வந்துவிட்டது. பிறகு நாய் லைசென்சு வந்தது. 1878-ம் ஆண்டு முதல் அதன் கட்டணம் ஆண்டுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொகை மாறவே இல்லை! கடைசியில், வசூலாகும் பணத்தைவிட வசூல் செய்யும் செலவு அதிகமாயிற்று. 1980-களின் இறுதியில் லைசென்சையே எடுத்துவிட்டார்கள்.

1996-ம் ஆண்டு நாய் அசுத்தத்துக்கென்றே ஒரு தனிச் சட்டம் வந்தது. 2005-ம் ஆண்டு அது மாறியது. 2014-ம் ஆண்டு மீண்டும் மாறியது.

அந்த 2014-ம் ஆண்டுச் சட்டம்தான் நகரசபைகளுக்குப் புது அதிகாரம் கொடுத்தது. அதற்குப் பெயர் “பொது இடப் பாதுகாப்பு உத்தரவு”.

பூங்காவிலோ, கடற்கரையிலோ, தெருவிலோ மக்களுக்குத் தொல்லை தரும் காரியம் நடந்தால், அதை நகரசபையே உத்தரவு போட்டுத் தடுக்கலாம். நாயைச் சங்கிலியில் பிடித்து வா என்று சொல்லலாம். குழந்தைகள் விளையாடும் இடத்துக்குள் நாய் வரக்கூடாது என்று சொல்லலாம். பையோடு வா என்றும் சொல்லலாம்.

பை விஷயத்தில் முந்திக்கொண்ட ஊர் டேவன்ட்ரி. நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ளது. 2015-ம் ஆண்டின் இறுதியில், பை இல்லாமல் வரும் நாய்க்காரருக்கு 100 பவுன் அபராதம் என்று அந்த ஊர் அறிவித்தது. பிறகு வேறு பல ஊர்களும் அதே வழியில் போயின.

பை எதற்கு?

நகரசபைகள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதையும் கேட்கவேண்டும்.

நாயின் வயிற்றில் ஒருவகை உருண்டைப் புழு இருக்கும். டாக்சோகாரா என்று பெயர். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மண்ணில் விழும். சில வாரங்களில் முட்டைகளுக்குள் குஞ்சு வளரும். அதன் பிறகு ஆபத்து.

புல்லில் விளையாடும் குழந்தை மண் பட்ட கையை வாயில் வைத்தால், முட்டை வயிற்றுக்குள் போகும். அங்கே பொரிந்து, குஞ்சுப் புழு உடம்புக்குள் அலையும். கண்ணுக்குள் புகுந்துவிட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். இது அபூர்வமாகத்தான் நடக்கும். ஆனால் நடந்த வீட்டுக்கு அது அபூர்வம் அல்ல.

ஆகவே, அசுத்தத்தை அள்ளவேண்டும் என்ற சட்டத்தை யாரும் குறை சொல்வதில்லை. நாய்க்காரர்களே குறை சொல்வதில்லை.

பிறகு ஏன் பையைக் காட்டச் சொல்கிறார்கள்? அள்ளாமல் போகிறவரைக் கையும் களவுமாகப் பிடிப்பது கடினம். சிப்பந்தியைக் கண்டால் எல்லோரும் யோக்கியர்தான். பை இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம்.

சுலபமான வழி எப்போதும் சரியான வழியாக இருக்குமா? 1873-ம் ஆண்டு தொடங்கிய நாய் வளர்ப்போர் சங்கமான கென்னல் கிளப் இதைத்தான் கேட்டது. “பையை உபயோகித்துத் தீர்த்தவருக்கும், அடுத்தவருக்குக் கொடுத்தவருக்கும் தண்டனை வந்துவிடாதா?” என்பது அதன் ஆட்சேபம்.

அந்த ஆட்சேபத்தின் உருவம்தான் பூங்கா வாசலில் நிற்கும் அம்மாள்.

இரண்டு வழிகள்

அபராதச் சீட்டு கையில் வந்தால் அம்மாள் முன்னே இரண்டு வழிகள்.

முதல் வழி, பணத்தைக் கட்டிவிடுவது. 14 நாள் தவணை உண்டு. அதற்குள் கட்டினால் விஷயம் முடிந்தது. வழக்கு இல்லை. கோர்ட்டு இல்லை. குற்றவாளி என்ற பதிவும் இல்லை. சில ஊர்களில் சீக்கிரம் கட்டினால் தொகையும் குறையும்.

இரண்டாவது வழி, கட்டாமல் இருப்பது.

“அப்பீல் செய்யலாமே!” என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் சங்கடம். இந்தச் சீட்டின் மீது அப்பீல் செய்ய அந்தச் சட்டத்தில் இடமே இல்லை!

ஏன் இல்லை? சீட்டு என்பது தீர்ப்பு அல்ல. “நீ குற்றம் செய்தாய் என்று நாங்கள் நம்புகிறோம். பணம் கட்டினால் கோர்ட்டுக்குப் போகமாட்டோம்” என்று நகரசபை சொல்லும் ஒரு சமாதானப் பேச்சு, அவ்வளவுதான். தீர்ப்பு இல்லாத இடத்தில் அப்பீல் எப்படி இருக்கும்?

ஆகவே, “நான் குற்றம் செய்யவில்லை” என்று சொல்ல விரும்புகிறவர் பணத்தைக் கட்டாமல் இருக்கவேண்டும். நகரசபை வழக்குப் போட்டால் கோர்ட்டில் நின்று வாதாடவேண்டும்.

தோற்றுவிட்டால்? 100 பவுன் 1,000 பவுன் வரை உயரலாம். வழக்குச் செலவும் தலையில் விழலாம். குற்றவாளி என்ற பெயரும் வரும்.

பலர் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிடுவதன் இரகசியம் இதுதான். “குற்றம் செய்யவில்லை, ஆனாலும் தொல்லை வேண்டாம்” என்கிறார்கள்.

அம்மாள் சமையலறையில் உட்கார்ந்து சீட்டைப் பார்க்கிறாள். காலடியில் நாய் படுத்திருக்கிறது. கட்டுவதா? எதிர்ப்பதா?

முதலில் பார்க்கவேண்டியவை

கோபத்தில் சீட்டைக் கிழிப்பது புத்திசாலித்தனம் அல்ல. பயந்து உடனே பணம் கட்டுவதும் அவசியம் இல்லை. 14 நாள் இருக்கிறது. அதற்குள் சில விஷயங்களைப் பார்த்துவிடவேண்டும்.

ஒன்று: உத்தரவு உயிரோடு இருக்கிறதா? இப்படிப்பட்ட உத்தரவின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டு. முறைப்படி நீட்டிக்கவில்லை என்றால் அது செத்துப்போகும். செத்த உத்தரவின் பேரில் அபராதம் கிடையாது.

இரண்டு: அந்த இடம் உத்தரவுக்கு உட்பட்டதா? ஒவ்வொரு உத்தரவும் எந்த இடத்துக்கு என்று சொல்லியிருக்கவேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் சட்டம் இல்லை என்றுகூட இருக்கலாம்.

மூன்று: அறிவிப்புப் பலகை இருந்ததா? உத்தரவை நகரசபை தன் இணையதளத்தில் வெளியிடவேண்டும். அந்த இடத்திலும் மக்கள் கண்ணில் படும்படி பலகை வைக்கவேண்டும். இது விதி. பலகை செடிக்குள் மறைந்திருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நான்கு: உத்தரவின் சொற்கள் என்ன? “பை கொண்டுவரவேண்டும்” என்று இருக்கிறதா? “அசுத்தத்தை அகற்ற வழி வைத்திருக்கவேண்டும்” என்று இருக்கிறதா? ஒரு சொல்லில் வழக்கே திரும்பிவிடும்.

ஐந்து: சீட்டில் நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? குற்றம் என்று சொல்லப்படுவதை ஓரளவு விவரமாக எழுதவேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய கேள்வி உண்டு. “நியாயமான காரணம் இருந்ததா?”

நியாயமான காரணம் இல்லாமல் உத்தரவை மீறுவதுதான் குற்றம். இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. காரணம் நியாயமானால் குற்றமே இல்லை.

இரண்டு பை கொண்டுவந்தாள். ஒன்றை உபயோகித்தாள். இன்னொன்றால் பூங்காவைச் சுத்தமாக வைக்க அடுத்தவருக்கு உதவினாள். இதைவிட நியாயமான காரணம் வேறு என்ன வேண்டும்?

சாட்சி எங்கே?

ஆனால் சொன்னால் மட்டும் போதுமா? காட்டவேண்டுமே!

அந்த வாலிபனின் பெயர் அம்மாளுக்குத் தெரியாது. வீடு தெரியாது. நாயின் நிறம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவள் மறுநாள் காலை அதே நேரத்துக்குப் பூங்காவுக்குப் போகவேண்டும். அதற்கு மறுநாளும் போகவேண்டும். நாய் வளர்ப்பவர்கள் கடிகாரம் போல வருகிறவர்கள். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவன் வருவான். “ஆமாம், எனக்குப் பை கொடுத்தது இந்த அம்மாள்தான்” என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது கோர்ட்டில் பேசும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. அது சிப்பந்தியின் சட்டையில் இருந்த காமிரா! அம்மாள் அன்றே, அந்த இடத்திலேயே, காரணத்தைச் சொன்னாள் என்பதை அது பதிவு செய்திருக்கும். பின்னால் யோசித்துக் கட்டிய கதை அல்ல என்பதற்கு அதுவே ருசு. பதிவு அழிந்துபோவதற்கு முன்பு, அதைப் பத்திரமாக வைக்கும்படி நகரசபைக்கு எழுதவேண்டும்.

அடுத்தது கடிதம். அப்பீல் இல்லை என்றாலும், “சீட்டை வாபஸ் வாங்குங்கள்” என்று நகரசபைக்கு எழுதத் தடை ஏதும் இல்லை. கடிதம் சுருக்கமாக இருக்கவேண்டும். தேதி, நேரம், இடம், நடந்தது, காரணம், சாட்சி. வசைமொழி கூடாது. வாசகத்தின் நகலை வைத்துக்கொள்ளவேண்டும்.

எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? 1939-ம் ஆண்டு முதல் அந்த நாட்டில் மக்களுக்கு இலவசமாக யோசனை சொல்லும் நிலையம் ஒன்று இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்று பெயர். சீட்டை எடுத்துக்கொண்டு அங்கே போகலாம்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. கடிதம் எழுதிவிட்டால் 14 நாள் தவணை தானாக நின்றுவிடாது. பதில் வரும்வரை தவணையை நிறுத்திவைக்கும்படி கடிதத்திலேயே கேட்கவேண்டும்.

கோர்ட்டில் என்ன நடக்கும்?

நகரசபை இறங்கி வராவிட்டால், வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். சாதாரணமாக இப்படிப்பட்ட வழக்கை ஆறு மாதத்துக்குள் தொடங்கிவிடவேண்டும்.

இங்கிலாந்தின் மாஜிஸ்திரேட்டுகளில் பெரும்பாலோர் வக்கீல்கள் அல்ல. சம்பளம் வாங்குகிறவர்களும் அல்ல. ஊரில் உள்ள சாதாரண மனிதர்கள். விசாரணைக்கு வழக்கமாக மூவர் உட்காருவார்கள். சட்டம் சொல்லிக்கொடுக்க அருகில் ஒருவர் இருப்பார்.

பூங்கா வாசலில் அம்மாள்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. கோர்ட்டில் அப்படி அல்ல. அங்கே குற்றம் நடந்தது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி ருசுப்பிக்கவேண்டியவர் நகரசபைக்காரர். சிப்பந்தி சாட்சிக் கூண்டில் நிற்கவேண்டும். அம்மாள் அவரைக் கேள்வி கேட்கலாம். தன் காரணத்தைச் சொல்லலாம். வாலிபனைக் கூப்பிடலாம்.

இன்னொரு ஆயுதமும் உண்டு. நகரசபைக்கு இல்லாத அதிகாரத்தில் போட்ட உத்தரவை மீறினால் அது குற்றம் ஆகாது. இதுவும் சட்டத்தில் உள்ள வாசகமே.

ஐகோர்ட்டு சொன்ன தீர்ப்பு

நகரசபை தன் எல்லையைத் தாண்டுமா? தாண்டியது உண்டு.

லண்டனின் தென்மேற்கில், தேம்ஸ் நதிக் கரையில் ரிச்மண்ட் என்ற பகுதி இருக்கிறது. 2017-ம் ஆண்டு அந்த நகரசபை நாய்களைப் பற்றி ஓர் உத்தரவு போட்டது. ஒருவர் ஒரே சமயத்தில் நான்கு நாய்களுக்கு மேல் கூட்டிவரக்கூடாது. வேண்டுமானால் லைசென்சு வாங்கி ஆறு வரை கூட்டிவரலாம் என்றது. அதோடு, நாய் பிறருக்கு எரிச்சல் உண்டாக்கினால் குற்றம், பொருள்களுக்குச் சேதம் உண்டாக்கினால் குற்றம் என்றும் சொன்னது.

எரிச்சல் என்றால் என்ன? நாய் குரைத்தால் ஒருவருக்கு எரிச்சல். வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே வந்தால் இன்னொருவருக்கு எரிச்சல். சும்மா நின்றாலே சிலருக்கு எரிச்சல்!

நாய்களை உலாவக் கூட்டிச் செல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்மணி இதை எதிர்த்து ஐகோர்ட்டுக்குப் போனார். உத்தரவு பிறந்த ஆறு வாரத்துக்குள் அப்படிப் போக அந்த வட்டாரத்து மக்களுக்கு உரிமை உண்டு.

2018-ம் ஆண்டு நீதிபதி மே அம்மையார் தீர்ப்பு அளித்தார். எரிச்சல், சேதம் என்ற இரண்டு பகுதிகளும் செல்லாது என்று நீக்கினார். நான்கு நாய் என்ற வரம்பு மட்டும் செல்லும் என்றார்.

பாதி வெற்றி, பாதி தோல்வி. ஆனால் நகரசபை போட்டதெல்லாம் சட்டம் ஆகிவிடாது என்பதை நாடு கண்டுகொண்டது.

பணம் யாருக்கு?

இந்த விவகாரத்தில் மக்களுக்குக் கோபம் வர இன்னொரு காரணமும் உண்டு.

சில நகரசபைகள் சீட்டு எழுதும் வேலையைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தன. சில ஒப்பந்தங்களில் சீட்டுக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குப் பணம். சீட்டு கூடினால் வரும்படி கூடும். அப்படி இருக்கையில் அம்மாளின் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்க யாருக்குப் பொறுமை வரும்? மேனிஃபெஸ்டோ கிளப் என்ற அமைப்பு இந்த முறையை நெடுநாளாகக் கண்டித்து வந்திருக்கிறது.

2017-ம் ஆண்டு டிசம்பரில் உள்நாட்டு இலாகா நகரசபைகளுக்குத் திருத்திய வழிகாட்டியை அனுப்பியது. உத்தரவு அளவோடு இருக்கவேண்டும், நாய் விஷயமானால் நாய் வளர்ப்போரையும் கலந்து பேசவேண்டும் என்று அது சொன்னது. ஆனால் 2025-ம் ஆண்டு பார்லிமெண்டில் வந்த மசோதா வேறு திசையில் போயிற்று. 100 பவுன் என்ற உச்சவரம்பை 500 பவுனாக உயர்த்த அது வழி செய்தது.

100 பவுன் சீட்டுக்கே பயந்து பணம் கட்டுகிறவர், 500 பவுன் சீட்டைக் கண்டால் என்ன செய்வார்?

அம்மாள் என்ன செய்வாள்?

முடிவு இரண்டு விதமாக இருக்கலாம். நகரசபையில் நல்ல அதிகாரி ஒருவர் கடிதத்தைப் படித்து, காமிராப் பதிவைப் பார்த்து, சீட்டை வாபஸ் வாங்கலாம். அல்லது “விதி விதிதான்” என்று வழக்குப் போடலாம்.

வழக்குப் போட்டாலும், வாலிபன் கிடைத்துவிட்டால் அம்மாள் தைரியமாகப் போகலாம். கிடைக்காவிட்டால் அவள் நன்றாக யோசிக்கவேண்டும். நியாயம் தன் பக்கம் இருப்பது ஒன்று. அதைக் காட்ட முடிவது இன்னொன்று. ரோஷத்துக்காக ஒரு வாரச் சாப்பாட்டைப் பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எந்த வழியில் போனாலும், அடுத்த நாள் காலை அவள் நாயோடு பூங்காவுக்குப் போவாள். நாய்க்கு வழக்குத் தெரியாது. வாசலுக்குப் போகவேண்டும் என்று மட்டும் தெரியும்.

இப்போது அவள் சட்டைப் பையில் இரண்டு பைகள் இருக்காது. பத்துப் பைகள் இருக்கும். யாராவது ஒருவர் பை இல்லாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு எதிரே வந்தால், மறுபடியும் ஒன்றை எடுத்து நீட்டுவாளா?

நல்ல சட்டம் என்றால், “நீட்டுவாள்” என்று தயங்காமல் பதில் சொல்ல முடியவேண்டும்.